எழும்பூர் மணலும் இங்கிலாந்துக் கிராமத்துப் பள்ளிக்கூடமும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம் முழுவதும் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தேன். என் மகளும் மருமகனும் அங்கே வாடகைக்குக் குடியிருந்தார்கள். அந்த வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. ‘பழைய பள்ளிக்கூடம்’ என்று ஒரு பெயர்ப்பலகை மட்டும் வாசலில் இருந்தது. காரைவிட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது செங்குத்தாக ஏறும் கூரை, மேலே கூராக முடியும் ஒரு பெரிய ஜன்னல், கூரை முகட்டில் சின்னதாக ஒரு மணிக்கூண்டு. “என்னம்மா, சர்ச்சையா வீடாக்கியிருக்காங்க?” என்று கேட்டேன். “இல்லப்பா, இது ஸ்கூல். விக்டோரியா காலத்துக் கிராமத்து ஸ்கூல்” என்றாள்.

நாற்பது வருடம் கட்டடம் கட்டும் தொழிலில் இருந்தவன் நான். பழைய கட்டடம் ஒன்றுக்குள் நுழைந்தால் கை தானாக டேப்பைத் தேடும். மறுநாள் காலையிலேயே அளந்து பார்த்துவிட்டேன். பழைய கூடத்தின் உள் அகலம் 18 அடி. நீளம் அதைப் போல இரண்டரை மடங்கு இருக்கும். ஜன்னலின் அடிவிளிம்பு என் தோளுக்கு மேலே இருந்தது. இப்போது நடுவில் போட்டிருக்கும் மாடித் தளத்தை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பார்த்தால், தரையிலிருந்து முகடு வரை நம் ஊர் இரண்டு மாடி வீட்டு உயரம்.

இத்தனை உயரமும் இந்த அகலமும் எதற்கு என்ற கேள்வி என்னோடு விமானம் ஏறி ஊருக்கும் வந்துவிட்டது. வந்த பிறகு படிக்க ஆரம்பித்தேன். அந்த 18 அடிக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஜன்னல் உயரத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் கூடம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனபோது வழி நம் எழும்பூரில் வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். எந்தக் கட்டடத்துக்கும் அதுதானே அஸ்திவாரம்.

விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837இல். அதற்கு நான்கு வருடம் முன்னால், 1833இல், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக பிரிட்டிஷ் பாராளுமன்றம் முதல்முறையாக 20,000 பவுன் ஒதுக்கியது. அந்தப் பணம் இரண்டு சங்கங்கள் வழியாகப் போனது. ஒன்று, இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியச் சங்கம், 1811இல் தொடங்கியது. இன்னொன்று, அந்தத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்கள் பெரிதும் ஆதரித்த பிரிட்டிஷ் பள்ளிச் சங்கம். கட்டடச் செலவில் பாதியை ஊரார் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஊரார் என்றால் கூலிக்காரனிடம் என்ன இருக்கும்? பெரும்பாலும் நிலம் வைத்திருந்த பிரபுவும், அந்த ஊர்ப் பாதிரியாரும், அவர்கள் தட்டிய கதவுகளும்தான்.

1839இல் கல்விக்கென்று அரசு ஒரு குழு அமைத்தது. அதன் முதல் செயலாளர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த், மான்செஸ்டரில் ஏழைகள் மத்தியில் வேலை பார்த்த மருத்துவர். அடுத்த வருடமே அந்தக் குழு பள்ளிக்கூடங்களுக்கான மாதிரி வரைபடங்களை அச்சிட்டு வெளியிட்டது. உதவிப்பணம் வேண்டுமானால் வரைபடத்தை லண்டனுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால்தான் தெற்கே டெவனில் இருக்கும் கிராமத்துப் பள்ளிக்கும் வடக்கே யார்க்‌ஷரில் இருக்கும் பள்ளிக்கும் உடன்பிறந்தவர்கள் போல ஒரு சாயல் இருக்கிறது. அமைப்பு ஒன்று, கல் மட்டும் அந்தந்த ஊர்க் கல். காட்ஸ்வோல்ட் பக்கம் தேன் நிறச் சுண்ணாம்புக் கல், நார்ஃபோக்கிலும் சசெக்ஸிலும் சிக்கிமுக்கிக் கல், கல் கிடைக்காத இடத்தில் செங்கல். இரயில் வந்த பிறகு வேல்ஸ் நாட்டு ஸ்லேட் கல் எல்லா ஊர்க் கூரைக்கும் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் கையில் வைத்து எழுதிய பலகையும் அதே ஸ்லேட் கல்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். தலைக்கு மேலும் அந்தக் கல், மடியிலும் அந்தக் கல்.

சரி, அந்த ஒற்றைக் கூடத்துக்கு வருவோம்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பது வயதான நேயர்கள் சிலருக்குத் தங்கள் தாத்தா சொல்லித் தெரிந்திருக்கும். ஒரு வாத்தியார். நாலு வயதுப் பிள்ளையிலிருந்து மீசை அரும்பும் பையன் வரை எல்லாரும் ஒரே இடத்தில். வாத்தியார் எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லித்தர முடியாது. அதனால் தேறிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து எழுத்தை எழுதவைப்பான். ஓலையும் எழுத்தாணியும் அப்புறம்தான் கைக்கு வரும்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியில் கண்காணிப்பாளரானார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, வழியில் ஒரு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அக்காலத்து ஆங்கிலேயர்கள் தமிழர்களை ‘மலபார்கள்’ என்று சொல்வார்கள். அது மலபார்ப் பள்ளி என்றே பதிவாகியிருக்கிறது. பெல் தன் விடுதிக்குத் திரும்பி, இதையே இங்கேயும் செய்யுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் மனம் ஒப்பவில்லை. உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, கீழ் வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன் அவன். பெரியவர்களால் முடியாது என்று விட்டதை அந்தப் பிள்ளை செய்து காட்டினான்.

பெல் 1796இல் கப்பல் ஏறினார். மறு வருடம் லண்டனில் தன் அனுபவத்தை ஒரு சிறு நூலாக அச்சிட்டார். 1798இல் லண்டன் சவுத்வார்க்கில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர், பையன்களே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்த முறையை முதலில் கண்டது யார் என்று இரண்டு பேரின் ஆதரவாளர்களும் பல வருடம் சண்டை போட்டார்கள். திருச்சபையின் தேசியச் சங்கம் பெல்லின் வழியை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் சங்கம் லங்காஸ்டர் வழியில் போனது. பெல்லின் முறைக்கு இங்கிலாந்தில் என்ன பெயர் தெரியுமா? ‘மதராஸ் முறை’. அவர் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவருடைய நினைவுக்கல் மதராஸ் கல்விமுறையைச் சொல்லித்தான் அவரை அறிமுகப்படுத்துகிறது. அவர் கொடுத்த பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் ‘மதராஸ் கல்லூரி’ என்றுதான் பெயர்.

அந்தப் பெருமையில் பங்கு கேட்க வேண்டிய, பெயர் தெரியாத திண்ணை வாத்தியார் ஒருவர் எழும்பூர்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார். குதிரையில் போன வெள்ளைக்காரர் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனதை அவர் கவனித்தாரோ என்னவோ.

இனிமேல்தான் கட்டடம் வருகிறது. சட்டாம்பிள்ளைகள் பாடம் நடத்தினால் ஒரு வாத்தியார் போதும். ஒரு வாத்தியார் எல்லாரையும் பார்க்க வேண்டுமானால் நடுவில் சுவர் இருக்கக் கூடாது. ஆக, பள்ளிக்கூடம் என்றால் ஒரே கூடம். அந்தக் கூடத்துக்குள் மேசை நாற்காலி போடுவதில் இரண்டு கட்சி. பெல் கட்சியில் எழுதும் பலகைகளைச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் போடுவார்கள். எழுதும்போது பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். நடுவில் தரை காலியாக இருக்கும். அங்கே ஒவ்வொரு குழுவும் சதுரமாக நின்று சட்டாம்பிள்ளையிடம் பாடம் ஒப்பிக்கும். லங்காஸ்டர் கட்சியில் பெஞ்சுகள் எல்லாம் வரிசை வரிசையாக வாத்தியாரின் மேடையைப் பார்த்தபடி நடுவில் நிற்கும்; சுவரோரம் நின்று படிக்க இடம். எழுத்துப் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கட்சியிலும் மணல்தான். தரையில் பரப்புவதற்குப் பதிலாக மேசையில் மணலைப் பரப்பிவைத்தார்கள்.

லங்காஸ்டர் வகைக் கூடம் ஒன்று ஹார்ட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தில் ஹிட்சின் என்ற சிற்றூரில் இன்றும் இருக்கிறது. விக்டோரியா பட்டத்துக்கு வந்த அதே 1837இல் கட்டியது. 300 பையன்களுக்கு ஒரே கூடம். இந்த வகையில் முழுசாக எஞ்சியிருப்பது உலகத்திலேயே இது ஒன்றுதான் என்கிறார்கள். இப்போது அருங்காட்சியகம்.

கிராமத்தில் 300 பிள்ளைகளுக்கு எங்கே போவது? அறுபது எழுபது பேர் வந்தால் அதிகம். ஆனால் அமைப்பு அதேதான், அளவு மட்டும் சின்னது. நாம் ‘பள்ளிக்கூடம்’ என்கிறோமே, அந்தச் சொல்லில் கூடம் தனியாக நிற்கிறது பாருங்கள். இங்கிலாந்துக் கிராமத்துக்காரரிடம் அதைச் சொன்னால், ஆமாம், எங்களுடையதும் அதுதான் என்பார்.

1840கள் வந்தபோது சட்டாம்பிள்ளை முறையில் நம்பிக்கை குறைந்துவிட்டது. பத்து வயதுப் பையன் எட்டு வயதுப் பையனுக்கு எழுத்து சொல்லலாம். அதற்கு மேல் அவனுக்கே தெரியாதே. சத்தம் வேறு. 1846இல் கே-ஷட்டில்வொர்த் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். 13 வயதில் தேர்ந்த பிள்ளைகளை ஐந்து வருடம் சம்பளத்தோடு பயிற்சி ஆசிரியராக வைத்துக்கொள்வது. நம் ஊரில் ஆசாரியிடம் பையனைத் தொழில் பழக விடுவது போல. இவர்களுக்கு ஆளுக்கு ஒரு குழு வேண்டும். குழுக்கள் ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குக் கேட்கக் கூடாது. தலைமையாசிரியர் எல்லாரையும் பார்க்கவும் வேண்டும். தனித்தனி அறை கட்டப் பணமும் இல்லை.

அதற்கு அவர்கள் கண்ட வழிதான் என் டேப்பில் விழுந்த அந்த 18 அடி. நீளச் சுவரை ஒட்டி மூன்று வரிசை மேசைகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. அவற்றுக்கு எதிரே ஆசிரியர் நிற்கவும், பிள்ளைகள் எழுந்து வந்து அரைவட்டமாக நிற்கவும் இடம். இதற்குத் தேவையான அகலம் 16இலிருந்து 20 அடி. அதற்கு மேல் அகலமாகக் கட்டினால் இடம் வீண், கூரை மரமும் வீண். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அவ்வளவுதான் சுவர். கூடத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் நீளத்தில்தான் நீட்டலாம், அகலத்தில் முடியாது. பள்ளிக்கூடம் இரயில் பெட்டி போல ஒடுங்கி நீண்டதற்கு இதுதான் காரணம். ஒரு மூலையில் சின்ன வகுப்பறை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பிற்பாடு, கொஞ்சம் பணம் வந்தபோது சேர்த்தது. என் மகள் வீட்டில் அந்தச் சின்ன அறைதான் இப்போது சமையலறை. அதன் சுவர்க் கல்லுக்கும் கூடத்துச் சுவர்க் கல்லுக்கும் நிறம் சற்றே வேறு. கொத்துவேலையும் வேறு கை.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் அது சர்ச் போல இருந்தது?

ஊர்ப் பாதிரியார் கட்டினார், சர்ச்சுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது, சர்ச்சைப் பழுதுபார்க்க வந்த கட்டடக்கலைஞரே பள்ளிக்கும் படம் போட்டார். இது ஒரு காரணம். இன்னொன்று, கூரான வளைவும் செங்குத்துக் கூரையும் கொண்ட கோதிக் பாணிதான் உண்மையான கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று பியூஜின் என்ற கட்டடக்கலைஞர் போன்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய பெரிய கட்டடக்கலைஞர்கள்கூடக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தைச் சின்ன வேலை என்று ஒதுக்கவில்லை. லண்டனில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தையும் ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரியையும் கட்டிய வில்லியம் பட்டர்ஃபீல்ட், 1850களில் யார்க்‌ஷரில் பால்டர்ஸ்பி செயின்ட் ஜேம்ஸ் என்ற சிறு கிராமத்துக்கு தேவாலயம், பாதிரியார் வீடு, பள்ளிக்கூடம், கூலிக்காரர் குடியிருப்பு எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தார். ஒரு தொழில்காரனாக எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். கூலிக்காரன் பிள்ளை படிக்கும் இடத்துக்கும் கல்லூரிக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார்.

பாணியைப் பார்த்து மதப்பிரிவைச் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றும். எல்லா ஊருக்கும் பொருந்தாது, ஆனால் சால்ட்டேருக்குப் போனால் நன்றாகப் புரியும். யார்க்‌ஷரில் கம்பளி ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஆலைக் கிராமம் அது. ஏர் ஆற்றின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ஊருக்கு வைத்தார். ஆலை 1853இல் திறந்தது. பள்ளிக்கூடம் 1868இல், 750 பிள்ளைகளுக்கு. சால்ட் திருச்சபைக்கு வெளியே இருந்த சபை ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய பள்ளியில் கோதிக் கூர்முனையைக் காண முடியாது. லாக்வுட், மாசன் என்ற பிராட்ஃபோர்டு கட்டடக்கலைஞர்கள் அதை இத்தாலிய பாணியில், அரைவட்ட வளைவுகளோடு, ஒரே தளமாக நீட்டிக் கட்டினார்கள். தெருவில் பள்ளிக்கும் எதிரே இருக்கும் மன்றத்துக்கும் காவலாகக் கல் சிங்கங்கள் நான்கு; தாமஸ் மில்ன்ஸ் செதுக்கியவை. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்துக்காக நினைத்துச் செய்தவை என்று சொல்வார்கள். ஆலையில் அரைநாள் வேலை, பள்ளியில் அரைநாள் படிப்பு என்று இருந்த பிள்ளைகள் அந்தச் சிங்கங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் அந்த அழகை முழு மனதோடு இரசிக்க முடிவதில்லை. 2001இல் சால்ட்டேர் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தப் பள்ளிக் கட்டடத்தில் இன்றும் ஒரு கல்லூரியின் வகுப்புகள் நடக்கின்றன.

மீண்டும் அந்த உயரமான ஜன்னலுக்கு வருவோம். தோளுக்கு மேலே ஜன்னல் என்றால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வெளியே வானம் தவிர ஒன்றும் தெரியாது. வண்டி போவதும் ஆடு மேய்வதும் தெரிந்தால் பாடத்திலிருந்து கவனம் சிதறும் என்ற எண்ணம். அது ஒரு பாதி. இன்னொரு பாதி, வெளிச்சம். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஜன்னல் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் வெளிச்சம் அறைக்குள் வரும். பிற்பாடு, 1870களில், லண்டன் பள்ளி வாரியத்தின் கட்டடக்கலைஞர் ஈ. ஆர். ராப்சன் இதில் இன்னும் நுணுக்கமாகப் போனார். வெளிச்சம் பிள்ளையின் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். வலப்பக்கமிருந்து வந்தால் எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும் என்றார். பிள்ளை எழுதுவதை அருகில் நின்று பார்த்தவர்தான் இதைச் சொல்ல முடியும்.

கூரை உயரம் காற்றுக்காக. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். கூட்டமாக இருக்கும் அறையில் மூச்சுக்காற்று மேலே போய் முகட்டுத் துவாரம் வழியாக வெளியேற வேண்டும். அதனால் அடைப்பு இல்லாமல் கைமரமும் உத்தரமும் தெரியத் திறந்த கூரை. நோய்க்கு அவர்கள் சொன்ன காரணம் தவறு, ஆனால் அத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் கொடுத்தது சரி. ஏனென்றால் இடம் அவ்வளவு நெருக்கம். 1870களின் அரசு விதிப்படி ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 8 சதுர அடி தரை, 80 கன அடி காற்று. நம் வீட்டு வாசல் கதவு ஒன்றைக் கழற்றித் தரையில் கிடத்தினால் 21 சதுர அடி வரும். அதற்குள் இரண்டு பிள்ளைகள், அவர்கள் மேசை, மைக்கூடு எல்லாம்.

ஆனால் அந்த உயரமே குளிருக்கும் காரணமாகிவிட்டது. சூடு மேலே போய்க் கைமரத்துக்கு இதமாக இருக்கும். கீழே பிள்ளைகள் நடுங்குவார்கள். ஒரு மூலையில் கணப்பு, இல்லையென்றால் இரும்பு அடுப்பு. எசெக்ஸ் மாவட்டத்து ஹால்ஸ்டெட் ஊரில் போர்ட்வே என்பவர் தயாரித்த அடுப்பு நாடெங்கும் பள்ளிகளுக்கும் சர்ச்சுகளுக்கும் போனது. அதன் பெயர் ஆமை அடுப்பு. மூடியில் ஓர் ஆமை உருவம், கூடவே ‘மெதுவாக, ஆனால் நிச்சயமாக’ என்ற வாசகம். நிலக்கரியை மெல்ல எரித்து நாள் முழுக்கத் தாங்கும். அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கன்னம் சிவக்கும், கடைசி வரிசைக்கு எதுவும் வந்து சேராது. 1862இலிருந்து அரசு உதவிப்பணம் வாங்கும் பள்ளிகளில் ஒவ்வொரு தலைமையாசிரியரும் பள்ளி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் குறிப்பேடுகளில் மைக்கூட்டில் மை உறைந்துபோனதை எத்தனையோ பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். அறுவடைக்காலம், பாதிப் பேர் வரவில்லை. உருளைக்கிழங்கு தோண்டப் போய்விட்டார்கள். பனி, எட்டுப் பேர்தான் வந்தார்கள். இப்படி ஒவ்வொரு வரி. என் மார்கழி மாதத்தில் அந்தக் கூடத்தில் இரண்டு கம்பளி போட்டுக்கொண்டு இருந்தவன் நான். அந்த வாத்தியார்களின் கையெழுத்து ஏன் ஜனவரியில் கோணல் என்று கேட்க மாட்டேன்.

குழந்தைகளுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று இருந்தது. நம் ஊர் குளத்துப் படிக்கட்டு போல மரத்தில் படிப்படியாக உயரும் இருக்கைகள். அறுபது எழுபது சிறுகுழந்தைகள் படிக்கு ஒரு வரிசையாக உட்கார்ந்தால் ஒவ்வொரு முகமும் ஆசிரியைக்குத் தெரியும், ஆசிரியை காட்டும் படம் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். இதைப் பரப்பியவர் சாமுவேல் வில்டர்ஸ்பின். ஹம்பர் ஆற்றங்கரையில் பார்ட்டன் என்ற சிற்றூரில் 1840களின் நடுவில் கட்டிய தேசியப் பள்ளியில் அவர் நேரடியாகப் பங்கெடுத்துக் குழந்தைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். விளையாட்டு மைதானத்தை அவர் ‘கூரையில்லாத பள்ளி அறை’ என்பார். ஓரத்தில் பூச்செடிகளும் பழமரங்களும். நடுவில் கம்பத்திலிருந்து கயிறுகள் தொங்கும். பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடலாம். பூவைப் பறிக்காமல் பக்கத்திலேயே விளையாடப் பழகுவதும் பாடம்தான் என்பது அவர் கருத்து. அடித்துத் திருத்தும் காலத்தில் ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார். அந்த மைதானமும் பள்ளியும் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன.

கிராமத்துப் பள்ளிகளில் இப்போது அந்தப் படிக்கட்டு இருக்கைகள் அநேகமாக இல்லை. பிற்காலத்தில் பிரித்துவிட்டார்கள்.

வாசல்கள் இரண்டு, சில இடத்தில் மூன்று. நிலைக்கு மேலே கல்லில் ‘சிறுவர்’, ‘சிறுமியர்’, ‘மழலையர்’ என்று வெட்டியிருப்பார்கள். உள்ளே எல்லாம் ஒரே கூடமாக இருந்தாலும் நுழைவது தனி வாசல் வழியாக, முற்றத்திலும் நடுவே ஒரு சுவர். முற்றத்துக் கோடியில் கழிப்பிடம். டார்செட்டில் ஃபோர்டிங்டன் ஊர்ப் பாதிரியார் ஹென்றி மூல் 1860இல் காப்புரிமை வாங்கிய மண் கழிப்பிடம் பல பள்ளிகளுக்கு வந்தது. தண்ணீருக்குப் பதிலாகக் காய்ந்த மண்ணைப் போட்டு மூடுவது. கூடத்தின் ஒரு முனையில் வாத்தியார் வீடு. பெரும்பாலும் ஒரே சுவர் இரண்டுக்கும் பொது. அவருக்குப் பள்ளியிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. பாதி நாள் அவர் மனைவிதான் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவர்.

மணிக்கூண்டு வெறும் அழகுக்கு இல்லை. வீட்டில் கடிகாரம் இல்லாத பிள்ளைகள் இரண்டு மூன்று மைல் வயல் வழியாக நடந்து வருவார்கள். அந்த மணிதான் அவர்களுக்குக் கடிகாரம்.

1870இல் கல்விச் சட்டம் வந்தது. பள்ளி போதாத ஊர்களில் வரிப்பணத்தில் பள்ளி வாரியம் அமையும் என்றது. திருச்சபைக்காரர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் இது பிடிக்கவில்லை. ஒருவருக்குத் தன் பிடி போய்விடும் என்ற கவலை, இன்னொருவருக்கு வரி. கட்டட உதவிப்பணத்துக்கு மனுப்போட அந்த வருடக் கடைசிதான் கெடு என்றதும் ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. 1870களின் தொடக்க வருடங்களைக் கல்லில் பொறித்த கிராமத்துப் பள்ளிகள் இன்றும் எத்தனையோ ஊர்களில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1880இல் 10 வயது வரை பள்ளிக்கு வருவது கட்டாயமானது. 1891இல் பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம் போனது. பிள்ளைகள் கூடினார்கள், கூடம் பற்றவில்லை, பக்கத்தில் ஓர் அறை, பின்னால் ஓர் அறை என்று ஒட்டிக்கொண்டே போனார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கதை திரும்பியது. வயல் வேலைக்கு இயந்திரம் வந்து ஊரில் ஆள் குறைந்தது, பேருந்து வந்தது, சிறு பள்ளிகளை மூடினார்கள். அப்போது ஒரு பழைய சட்டம் எழுந்து உட்கார்ந்தது. 1841இல் பள்ளி நிலச் சட்டம் என்று ஒன்று போட்டிருந்தார்கள். நிலக்காரர் ஒரு ஏக்கர் வரை பள்ளிக்குத் தானம் செய்யலாம். பள்ளி நின்றுபோனால் நிலம் கொடுத்தவருக்கே திரும்பிவிடும் என்பது அதன் ஏற்பாடு. நூறு வருடம் கழித்து அந்த வாரிசை எங்கே தேடுவது? இந்தச் சிக்கலைத் தீர்க்க 1987இல் தனியாக ஒரு சட்டமே தேவைப்பட்டது. அப்படிப் பல கூடங்கள் கைமாறின. சில ஊர் மன்றமாயின, பல வீடுகளாயின.

வீடாக்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் வேலை ஒன்றுதான். அத்தனை உயரத்தைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது என்று குறுக்கே ஒரு தளம் போடுவார்கள். என் மகள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு கட்டடக்காரனாக முதலில் எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெரிய ஜன்னலை நடுவில் அறுத்துக்கொண்டு தளம் ஓடுகிறது. கீழ் அறைக்கு ஜன்னலின் அடிப்பாதி, மாடி அறைக்குக் கூர்முனைப் பாதி. கூடத்துக்கு இருந்த நீளமும் உயரமும் சேர்ந்த அந்த நிறைவு போய்விட்டது.

ஆனால் மாடியில் அந்தக் கூர்முனை ஜன்னல் தரையிலிருந்தே எழும்புகிறது. என் பேத்திக்கு அப்போது நாலு வயது. அங்கேதான் அவளுக்கு இடம். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே முற்றத்தையும், அதற்கு அப்பால் பனி விழுந்த வயலையும், அதில் நிற்கும் ஆடுகளையும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடியில் மூச்சுபட்டு ஆவி படிந்தால் அதில் விரலால் ‘அ’ போட்டுக் காட்டுவாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நன்றி. வணக்கம்.